காட்டு பயோமாஸ் கொள்முதலில் வட்டார இடர் மதிப்பீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மரத்தை எரித்து மின்சாரமும் வெப்பமும் எடுக்கிற ஆலைகளுக்குப் பெல்லட்டாகவும் (மரத்தூளை அழுத்திச் செய்த சிறு உருளை) மரச்சில்லாகவும் போய்ச் சேரும் சரக்கு, அதாவது காட்டு பயோமாஸ், எந்தக் காட்டிலிருந்து வந்தது, வெட்டிய பிறகு அந்தக் காடு என்ன ஆனது என்பதுதான் இங்கே பேச்சு. கொள்முதல் பிரிவில் வேலை பார்ப்பவர்கள், தணிக்கைக்குப் புதிதாக வந்தவர்கள், அறிக்கைகளை வாசித்துக் கேள்வி எழுப்புகிற சூழல் ஆர்வலர்கள் எல்லாரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

வட்டார இடர் மதிப்பீடு என்றால் என்ன?

ஒரு வட்டாரத்தில் மரம் வெட்டி எரிபொருளுக்கு அனுப்பும்போது எதெது கெடக்கூடும், கெடாமல் காக்க அங்கே இருக்கிற சட்டமும் நடைமுறையும் உண்மையில் போதுமா என்று ஆதாரத்தோடு சோதித்து எழுதுகிற ஆவணம். ஒவ்வொரு அளவுகோலுக்கும் ஒரு முடிவு சொல்ல வேண்டும். 'குறைந்த இடர்' என்று முடிவானால் ஆலை கூடுதலாக எதுவும் செய்யாமல் வாங்கலாம். 'குறிப்பிட்ட இடர்' என்று வந்தால், ஆபத்து இன்னது என்று பெயர் சொல்லியாகிவிட்டது. அதைத் தணிக்க ஆலை ஏதாவது செய்தே ஆக வேண்டும்.

இந்த முறை முதலில் மரச்சாமான், காகிதத் துறைக்காக வந்தது. சான்றிதழ் இல்லாத மரத்தைச் சான்றிதழ் மரத்தோடு கலக்கும்போது அதில் மோசமானது எதுவும் சேர்ந்துவிடக் கூடாது என்று, பொறுப்பாக நிர்வகிக்கிற காடுகளுக்கான சான்றிதழ் முறையை நடத்தும் எஃப்.எஸ்.சி. என்ற சர்வதேச அமைப்பு நாடுவாரியாக இடர் மதிப்பீடு செய்யத் தொடங்கியது. பயோமாஸுக்கென்று ஐரோப்பிய மின்நிறுவனங்கள் சேர்ந்து 2013இல் எஸ்.பி.பி. (நீடித்த பயோமாஸ் திட்டம்) என்ற சான்றிதழ் அமைப்பைத் தொடங்கின. அதன் தரவிதிகள் 2015இல் வெளியாயின. 2018இல் வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சட்டமும் காட்டு பயோமாஸுக்கு இதே இடர் வழியைத்தான் எடுத்துக்கொண்டது.

சான்றிதழ் பெற்ற காட்டிலிருந்து மட்டும் வாங்கினால் இந்த வேலையே வேண்டாமே?

வேண்டாம்தான், அப்படி வாங்க முடிந்தால். அமெரிக்காவின் தென்கிழக்கில் காட்டின் பெரும்பகுதி தனியாருக்குச் சொந்தம். அதில் நிறைய சிறு குடும்பங்களின் கையில் இருக்கிறது. தலைமுறைக்கு ஒரு முறையோ இரண்டு முறையோ மரம் விற்கிற குடும்பம் ஆண்டுதோறும் தணிக்கைக் கட்டணம் கட்டிச் சான்றிதழ் வைத்துக்கொள்வது நடக்காத காரியம். பால்டிக் நாடுகளின் தனியார் காடுகளிலும் இதே சிக்கல்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சான்றிதழ் ஒரு காட்டின் நிர்வாகத்தைப் பற்றிப் பேசுகிறது. ஒரு பெல்லட் ஆலை வந்த பிறகு சுற்றுவட்டாரம் முழுவதும் வெட்டும் வேகம் கூடுகிறதா, முன்பு விற்காமல் கிடந்த மரவகைக்குத் திடீரென்று சந்தை வந்துவிட்டதா என்ற கேள்விகள் தனித்தனிக் காட்டைப் பார்த்தால் கண்ணில் படாது. வட்டாரமாகப் பார்த்தால்தான் தெரியும்.

'வட்டாரம்' என்பதன் எல்லையை எப்படிப் போடுவது?

என் கணிப்பில் பாதி மதிப்பீடுகள் தவறுவது இந்த இடத்தில்தான். நாட்டின் எல்லையையோ மாநிலத்தின் எல்லையையோ அப்படியே எடுத்துக்கொள்வது சுலபம். புள்ளிவிவரம் அந்த எல்லைக்குத்தான் கிடைக்கும், சட்டமும் அந்த எல்லைக்குத்தான் செல்லும். சட்டம் சம்பந்தப்பட்ட அளவுகோல்களுக்கு அது சரியும்கூட.

ஆனால் அரிய வாழிடங்கள் மாநில எல்லை பார்த்து அமைவதில்லை. தென்கிழக்கு அமெரிக்காவில் ஆற்றோரத் தாழ்நிலக் காடுகள் என்று ஒரு வகை உண்டு. ஆண்டில் சில மாதம் வெள்ளத்தில் நிற்கும், கடின மரங்கள் வளரும் காடுகள். அவை மேட்டுநிலப் பைன் தோட்டங்களுக்குப் பக்கத்திலேயே ஆற்றை ஒட்டிப் பட்டைபட்டையாகக் கிடக்கின்றன. இரண்டையும் ஒரே மாநிலக் கணக்கில் சேர்த்துவிட்டால், தாழ்நிலத்தில் நடப்பது பைன் தோட்டத்தின் பெரிய எண்ணுக்குள் காணாமல் போய்விடும். 2016இல் வட அமெரிக்கக் கடற்கரைச் சமவெளி முழுவதும் உலகின் உயிர்ப்பன்மைச் செறிவிடங்களில் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. அந்தச் சமவெளியின் எல்லை எந்த மாநிலத்தின் எல்லையோடும் பொருந்தாது.

ஆகவே ஒரே வரைபடம் போதாது. சட்டத்துக்கு நிர்வாக எல்லை, மண்ணுக்கும் நீருக்கும் ஆற்றுப்படுகை, வாழிடத்துக்குச் சூழல் மண்டலம், வெட்டும் அழுத்தத்துக்கு ஆலையிலிருந்து லாரி போகிற தூரம் என்று அளவுகோலுக்கு ஏற்ப எல்லையை மாற்ற வேண்டும். வேலை கூடும். அதைத் தவிர்க்க முடியாது.

எவற்றையெல்லாம் சோதிக்க வேண்டும்?

வெட்டியது சட்டப்படியா, வெட்டிய இடத்தில் காடு திரும்ப வருகிறதா, காக்க வேண்டிய இடங்கள் காக்கப்படுகின்றனவா, மண்ணும் நீரும் என்ன ஆகின்றன, காட்டின் கார்பன் இருப்பு குறைகிறதா, வேலை செய்பவர்களுக்கும் காட்டை நம்பி வாழ்பவர்களுக்கும் உரிய மரியாதை கிடைக்கிறதா. எந்தத் திட்டத்தை எடுத்தாலும் இந்த ஆறும் ஏதோ ஒரு வடிவில் இருக்கும். இயற்கைக் காட்டை அழித்துத் தோட்டமாகவோ வயலாகவோ மாற்றுவது தனித் தலைப்பாக வரும்; காடழிப்பு பற்றிய ஐரோப்பிய விதி அதற்கு 2020 டிசம்பர் 31 என்று ஒரு கெடுநாளே வைத்திருக்கிறது.

சட்டம் கடுமையாக உள்ள நாடு என்றால் குறைந்த இடர் என்று எழுதிவிடலாமா?

கூடாது. சட்டம் இருக்கிறதா, அது நடைமுறையில் செல்லுபடியாகிறதா, அந்தச் சட்டம் நாம் பயப்படுகிற ஆபத்தைத் தொடுகிறதா என்று மூன்று கேள்விகளையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். மூன்றாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

எஸ்தோனியாவைப் பாருங்கள். நிலப்பரப்பில் பாதி காடு, ஊழல் குறைவு, காட்டுப் பதிவேடு இணையத்தில் யாரும் பார்க்கும்படி இருக்கிறது, வெட்டுவதற்கு முன் உரிமையாளர் அரசுக்குத் தகவல் தர வேண்டும். எல்லாம் சரி. ஆனாலும் 2016இல் அங்கே செய்த எஸ்.பி.பி. வட்டார மதிப்பீட்டில் ஓர் அளவுகோல் குறிப்பிட்ட இடராக வந்தது. காரணம், வாழிடத் திட்டுகள். பழைய மரங்களும் விழுந்து மக்கும் மரங்களும் நிறைந்து, அரிய லைக்கன்களும் (பாசியும் பூஞ்சையும் ஒன்றாகச் சேர்ந்து வாழும் உயிர்) பூஞ்சைகளும் பூச்சிகளும் தங்கியிருக்கும் சிறு சிறு காட்டுத் துண்டுகள் அவை. அரசுக் காட்டில் அவற்றுக்குப் பாதுகாப்பு உண்டு. தனியார் காட்டில் உரிமையாளர் விரும்பி அரசோடு ஒப்பந்தம் போட்டால்தான் உண்டு. ஆக, யாரும் சட்டத்தை மீறாமலேயே ஒரு வாழிடத் திட்டை வெட்டிவிட முடியும். இங்கே சட்ட அமலாக்கம் எவ்வளவு திறமையாக இருந்தாலும் பயனில்லை. அமல்படுத்த வேண்டிய விதியே அங்கே இல்லை.

ஐரோப்பிய சட்டமும் இதை இரண்டு படியாகப் பிரித்துத்தான் வைத்திருக்கிறது. முதல் படியில் நாட்டு அளவில் சட்டமும் கண்காணிப்பும் போதுமா என்று பார்ப்பார்கள். அங்கே ஆதாரம் போதவில்லை என்றால் இரண்டாம் படிக்கு இறங்கி, மரம் வருகிற குறிப்பிட்ட பகுதியின் நிர்வாக ஏற்பாடுகளைக் காட்ட வேண்டும்.

தரவு கிடைக்கவில்லை என்றால் எப்படி முடிவு சொல்வது?

தரவு இல்லை என்பதே குறைந்த இடருக்கு ஆதாரம் ஆகாது. 'புகார் எதுவும் பதிவாகவில்லை' என்ற வரியை அறிக்கைகளில் அடிக்கடி பார்க்கிறேன். அதைப் பார்த்ததும் நான் கேட்பது: புகார் கொடுக்க அங்கே ஓர் இடம் இருக்கிறதா? கொடுத்தவருக்குப் பாதுகாப்பு உண்டா? கொடுத்தால் யாராவது விசாரித்திருக்கிறார்களா? இவற்றுக்குப் பதில் தெரியாமல் அந்த வரியை ஆதாரமாக எடுக்க முடியாது. உறுதியாகத் தெரியாதபோது குறிப்பிட்ட இடர் என்று எழுதுவதே முன்னெச்சரிக்கை. ஆலைக்காரர்களுக்கு அது பிடிக்காது. ஆனால் பின்னால் தரவு வந்த பிறகு இறக்கிக்கொள்ளலாம். வெட்டிய பழங்காட்டை அப்படித் திரும்பக் கொண்டுவர முடியாது.

'வெட்டுவதைவிட வளர்வது அதிகம்' என்றால் அது நீடித்த கொள்முதல்தானே?

இந்த ஒரு வாக்கியத்தை வைத்தே பல அறிக்கைகள் நிற்கின்றன. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வளர்ச்சிக்கும் வெட்டுக்கும் உள்ள விகிதம் தேவையான எண். வெட்டு தொடர்ந்து வளர்ச்சியை மிஞ்சினால் கதை முடிந்தது. ஆனால் மிஞ்சவில்லை என்பதால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது. அந்த எண் கன அளவை மட்டும் பார்க்கிறது. பத்து வயதுப் பைன் தோட்டம் வேகமாக வளரும். நூற்றைம்பது வயதுக் காடு மெதுவாக வளரும். பழங்காட்டை வெட்டி அங்கே தோட்டம் போட்டால் வட்டாரத்தின் ஆண்டு வளர்ச்சி கூடும், விகிதம் முன்னைவிட அழகாகத் தெரியும். காடு மட்டும் போயிருக்கும்.

அமெரிக்கத் தென்கிழக்கின் நீளிலைப் பைன் காடு இதற்குப் பெரிய சாட்சி. ஒரு காலத்தில் சுமார் 9 கோடி ஏக்கரில் பரவியிருந்த அந்தக் காட்டுவகை, ஒரு கட்டத்தில் சுமார் 30 லட்சம் ஏக்கராகச் சுருங்கியது. அங்கெல்லாம் இப்போது மரமே இல்லை என்று நினைக்க வேண்டாம். நிறைய இடத்தில் வேறு பைன் வகைகள் வரிசையாக நிற்கின்றன, நன்றாகவும் வளர்கின்றன. நீளிலைப் பைனின் முதிர்ந்த மரத்தைக் குடைந்து கூடு கட்டும் செம்பட்டை மரங்கொத்திக்குத்தான் வீடு இல்லாமல் போனது. அது 1970இலேயே அமெரிக்காவின் அழியும் நிலை இனப் பட்டியலில் சேர்ந்தது. பல பத்தாண்டுப் பாதுகாப்பு வேலைக்குப் பிறகு 2024இல்தான் ஒரு படி இறங்கி 'அச்சுறுத்தலில் உள்ள' இனம் என்ற நிலைக்கு வந்தது. இந்த இழப்பு பெல்லட் தொழில் வருவதற்கு வெகு முன்பே நடந்தது. நான் இதைச் சொல்வது, மரக் கன அளவை மட்டும் எண்ணுகிற கணக்கு எவ்வளவு பெரிய இழப்பையும் காட்டாமல் விட்டுவிடும் என்பதற்காக.

ஆண்டு பார்த்தும் ஏமாறலாம். 2005 ஜனவரியில் சுவீடனின் தெற்கில் வீசிய குட்ருன் புயல் ஓர் இரவில் சுமார் 7.5 கோடி கன மீட்டர் மரத்தைச் சாய்த்தது. அந்த நாட்டில் ஓர் ஆண்டு முழுவதும் வெட்டுகிற அளவுக்கு ஏறக்குறைய சமம். அப்படி ஓர் ஆண்டைச் சேர்த்தாலும் விட்டாலும் சராசரி மாறிப்போகும். ஆகவே விகிதத்தைக் கேட்டால் மரவகைவாரியாக, வயதுவாரியாக, உரிமைவாரியாகப் பிரித்துக் கேளுங்கள். பிரித்துத் தர மறுத்தால் அந்த மறுப்பையும் அறிக்கையில் எழுதுங்கள்.

செயற்கைக்கோள் படம் வைத்து எல்லாவற்றையும் பார்த்துவிட முடியாதா?

மொத்தமாக வெட்டிய இடம் தெரியும். அதைத் தாண்டி ஆசைப்படக் கூடாது. லேண்ட்சாட் படத்தின் ஒரு புள்ளி தரையில் 30 மீட்டர், சென்டினல்-2 படத்தில் 10 மீட்டர். இடையிடையே சில மரங்களை மட்டும் எடுத்த காடு மேலிருந்து பார்க்கும்போது பச்சையாகத்தான் இருக்கும். 'மரப்போர்வை இழப்பு' என்று வரைபடத்தில் காட்டுகிற சிவப்புப் புள்ளியில் தீயும் புயலும் முறையான அறுவடையும் காடழிப்பும் கலந்து கிடக்கும். இயற்கைக் காடு தோட்டமாக மாறினால் சில ஆண்டில் படம் மறுபடி பச்சையாகிவிடும். எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளப் படம் நல்ல துணை.

மரத்தூளும் சீவலும் ஆலைக் கழிவுதானே, அதற்கும் மதிப்பீடு வேண்டுமா?

அறுவை ஆலையில் விழுகிற தூளுக்காக யாரும் காட்டை வெட்டுவதில்லை, பலகைக்காக வெட்டுகிறார்கள். அந்த வகையில் ஆபத்து குறைவு. ஆனால் பலகை எந்தக் காட்டிலிருந்து வந்ததோ தூளும் அங்கிருந்துதான் வந்தது. திருட்டு மரத்தின் தூள் திருட்டு மரம்தான்.

'கழிவு', 'தரம் குறைந்த மரம்' போன்ற பெயர்களிலும் கவனம் வேண்டும். காட்டிலிருந்து நேராக வருகிற உருளைக் கட்டையையும் சில அறிக்கைகள் இந்தப் பெயரில் சேர்த்துவிடுகின்றன. வளைந்த மரம், பொந்து விழுந்த மரம், உச்சி முறிந்த மரம் ஆகியவை அறுவைக்கு ஆகாதவை. பறவைக்கும் வௌவாலுக்கும் அவைதான் வீடு. சந்தையில் தரம் குறைந்தது காட்டில் தரம் குறைந்ததாக இருக்க வேண்டியதில்லை. எந்த அளவு, எந்த இனம், எந்தத் தரக்கோட்டுக்குக் கீழே என்று எழுத்தில் வரையறை கேளுங்கள்.

கொப்பு, கிளை, வேர்க்கட்டை எடுக்கலாமா?

கொப்பும் கிளையும் ஓரளவுக்கு எடுக்கலாம். எடையில் குறைவாக இருந்தாலும் மரத்தின் சத்தில் பெரும்பங்கு ஊசியிலையிலும் சிறு கிளையிலும்தான் இருக்கிறது. வெட்டிய கையோடு பச்சையாக அள்ளிக்கொண்டு போனால் சத்தும் போய்விடும். ஒரு பருவம் அங்கேயே காயவிட்டு ஊசி உதிர்ந்த பிறகு எடுத்தால் பெரும்பகுதி மண்ணுக்குத் திரும்பும். மணற்பாங்கான ஏழை மண்ணிலும், பாதி மக்கிய தாவரங்கள் சேர்ந்து உண்டான ஈரமான கரிமண் நிலத்திலும் விட்டுவிடுவதே நல்லது.

வேர்க்கட்டையைத் தொடக் கூடாது என்பது என் கருத்து. மண்ணைக் கிளறுகிறது, அதில் தேங்கிய கார்பனை வெளியே விடுகிறது, மக்கும் மரத்தை நம்பிய உயிர்களின் இடத்தைப் பறிக்கிறது. 2023இல் திருத்திய ஐரோப்பிய சட்டம் வேர்க்கட்டை எடுப்பதைத் தவிர்க்கச் சொல்கிறது. அதை எரிக்க நேரடி நிதியுதவி தரவும் தடை போட்டிருக்கிறது.

பால்டிக், நார்டிக் பகுதிகளில் ஈர மண்ணில் கனரக வண்டி இறங்குவதற்கு மண் உறையும் குளிர்காலத்துக்குக் காத்திருப்பார்கள். குளிர்காலம் சுருங்கச் சுருங்க, உறையாத மண்ணில் வண்டி இறங்கி ஆழமாகத் தடம் விழுகிறது. பத்து ஆண்டுக்கு முன்பு குறைந்த இடராக இருந்தது இப்படி மாறிக்கொண்டிருக்கிறது.

கார்பன் விஷயத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

மரத்தை எரிக்கும்போது புகைபோக்கியில் வெளிவருவதை ஆற்றல் துறைக் கணக்கில் பூஜ்யம் என்று எழுதுகிறார்கள். மரம் வெட்டிய நாட்டின் நிலக் கணக்கில் அது ஏற்கெனவே இழப்பாகப் பதிவாகிவிடும் என்பதுதான் இதற்கு அடிப்படை. அப்படியானால் அந்த நிலக் கணக்கு ஒழுங்காக நடக்கிறதா என்பதை மதிப்பீடு சோதித்தாக வேண்டும்.

நாடு காலநிலை குறித்த பாரிஸ் ஒப்பந்தத்தில் இருக்கிறதா, உமிழ்வைக் குறைக்க இலக்குக் கொடுத்திருக்கிறதா என்று பார்த்து ஒரு சரிக்குறி போடுவதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். அது போதாது. பின்லாந்து காடு நிறைந்த நாடு, கணக்கும் நேர்மையானது. ஆனால் அங்கே 2021இல் நிலத்துறை மொத்தமாகக் கார்பனை உறிஞ்சுவதை நிறுத்தி வெளியிடும் பக்கம் போய்விட்டது. ஜெர்மனியின் 2024இல் வெளியான தேசியக் காட்டுக் கணக்கெடுப்பும் வறட்சியாலும் பட்டைவண்டாலும் காடு கார்பனை இழக்கத் தொடங்கியதைக் காட்டியது. ஒப்பந்த உறுப்பினர் என்ற தகுதியும் நிலையானதில்லை. அமெரிக்கா 2020 நவம்பரில் விலகி 2021 பிப்ரவரியில் திரும்பியது, 2025 ஜனவரியில் மறுபடி விலகுவதாக அறிவித்தது. நாட்டுத் தகுதியை மட்டும் நம்பிய மதிப்பீடு இப்படி ஒரே நாளில் செல்லாததாகிவிடும். மரம் வருகிற பகுதியில் கார்பன் இருப்பு ஏறுகிறதா இறங்குகிறதா என்று தனியாகக் காட்டியிருந்தால் அந்தச் சிக்கல் வராது.

மனிதர்கள் சம்பந்தப்பட்ட இடரை எப்படி அளப்பது?

காட்டு வேலை உலகின் ஆபத்தான வேலைகளில் ஒன்று. பெரிய அறுவடை இயந்திரத்துக்குள் உட்கார்ந்திருப்பவரைவிட, சங்கிலி ரம்பத்தோடு தனியாக வேலை செய்கிற ஒப்பந்தக்காரருக்கு ஆபத்து அதிகம். லாத்வியாவின் வட்டார மதிப்பீட்டில் தொழிலாளர் பாதுகாப்பு குறிப்பிட்ட இடராக வந்தது இதனால்தான். 2022இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு பணியிடப் பாதுகாப்பை அடிப்படை உரிமைகளில் ஒன்றாகச் சேர்த்த பிறகு, இதை ஓரமாக வைக்க யாருக்கும் சாக்கு இல்லை. தேசிய விபத்துப் புள்ளிவிவரம் வேலைக்காரர் பட்டியலில் உள்ளவர்களை மட்டும் எண்ணுகிறதா, தனித் தொழில் செய்பவர்களையும் எண்ணுகிறதா என்று கேளுங்கள். எண் அங்கேயே மாறும்.

பூர்வகுடிகளின் நில உரிமை இன்னும் ஆழமானது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பெரும்பகுதி நிலம் ஒப்பந்தம் எதுவும் இல்லாமலேயே எடுக்கப்பட்டது. சில்கோத்தின் மக்களின் உரிமையை உச்ச நீதிமன்றம் 2014இல்தான் சுமார் 1,750 சதுர கிலோமீட்டருக்கு அங்கீகரித்தது. அந்நாட்டில் இப்படி ஒரு தீர்ப்பு அதுவே முதல். அரசு உரிமம் கொடுத்துவிட்டது என்பதால் அங்கே உரிமைச் சிக்கல் தீர்ந்துவிட்டது என்று எழுத முடியாது. முன்கூட்டியே, முழுத் தகவலோடு, கட்டாயமில்லாமல் அந்த மக்கள் சம்மதித்தார்களா என்பதே கேள்வி.

சம்பந்தப்பட்டவர்களின் கருத்துக்கேட்பை எப்படி நடத்துவது?

நூறு பேருக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, நான்கு பதில் வந்தது, எதிர்ப்பு இல்லை என்று எழுதுவதைக் கருத்துக்கேட்பு என்று நான் ஏற்றுக்கொள்வதில்லை. உள்ளூர் மொழியில் வரைவைக் கொடுங்கள். பறவை ஆர்வலர், ஓய்வுபெற்ற வனக் காப்பாளர், லைக்கன் தேடிக் காட்டில் அலைகிற ஆய்வு மாணவர் போன்றவர்களை நேரில் தேடிப் போங்கள்; பதிவேட்டில் ஏறாத வாழிடம் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். வந்த ஒவ்வொரு கருத்துக்கும் ஏற்றோமா, இல்லையா, ஏன் என்று பதிலை வெளியிடுங்கள்.

குறிப்பிட்ட இடர் வந்துவிட்டால் அந்த வட்டாரத்தையே விட்டுவிட வேண்டுமா?

பெரும்பாலும் தேவையில்லை. பெயர் சொன்ன ஆபத்தைத் தடுக்கப் பெயர் சொல்லக்கூடிய நடவடிக்கை வேண்டும், அவ்வளவுதான். மேலே சொன்ன வாழிடத் திட்டு இடரை ஓர் ஆலை எப்படிக் கையாளலாம் என்று பார்ப்போம்.

எடைமேடையில் லாரி நிற்கிறது. ஓட்டுநர் கொடுக்கிற சரக்குச் சீட்டில் நிலத்தின் பதிவு எண்ணும் வெட்டு அனுமதி எண்ணும் இருக்க வேண்டும். வரவேற்கிற ஊழியர் அந்த எண்ணைப் பொதுக் காட்டுப் பதிவேட்டில் போட்டதும் வெட்டு நடந்த துண்டு வரைபடத்தில் விரியும். அது பதிவான வாழிடத் திட்டின் மேல் விழுந்தால் சரக்கு வேண்டாம். இது சுலபமான பகுதி.

பதிவாகாத திட்டுதான் சிரமம். அதற்கு மரம் வெட்டுவதற்கு முன்பே தகவல் வேண்டும். காட்டின் வயது, மரவகை, ஓடைக்கு அருகில் உள்ளதா என்பதை வைத்துச் சந்தேகத்துக்குரிய துண்டுகளைப் பிரித்து, பயிற்சி பெற்ற ஒருவர் நேரில் போக வேண்டும். அவர் பார்ப்பது: பொந்து விழுந்த பெரிய ஆஸ்பென் மரங்கள் உண்டா, பல வயதில் விழுந்த மரங்கள் பாசி படர்ந்து கிடக்கின்றனவா, பட்டையில் நுரையீரல் லைக்கன் ஒட்டியிருக்கிறதா. ஈரத்தில் பளிச்சென்ற பச்சையாக, நுரையீரலின் உள்பக்கம் போல மேடு பள்ளமாக இருக்கும் அது, வெகுகாலம் தொந்தரவில்லாமல் இருந்த காட்டுக்கு அடையாளம். அது கண்ணில் பட்டால் அந்தத் துண்டிலிருந்து வாங்கக் கூடாது.

வெட்டி அடுக்கிய பிறகு வந்து பார்ப்பதில் பலன் இல்லை. தணிப்பு நடவடிக்கை ரம்பம் பிடிப்பவருக்கும் மரம் வாங்கும் தரகருக்கும் வெட்டுக்கு முன் போய்ச் சேர்கிறதா என்று பாருங்கள். அலுவலகக் கோப்பில் மட்டும் இருக்கிற நடவடிக்கையை நான் நடவடிக்கையாக எண்ணுவதில்லை.

நடவடிக்கை எடுக்கவே முடியாத இடமும் உண்டு. மரம் எங்கிருந்து வந்தது என்றே காட்ட முடியாத வட்டாரத்தை விட்டுவிடத்தான் வேண்டும்.

தாளில் எல்லாம் சரியாக இருந்து உண்மை வேறாக இருந்தால்?

நடக்கிறது. வியட்நாமில் சிறு விவசாயிகள் சில ஆண்டில் வெட்டுகிற அக்கேசியாத் தோட்டங்களிலிருந்து பெல்லட் செய்து கொரியாவுக்கும் ஜப்பானுக்கும் அனுப்புகிறார்கள். சான்றிதழ் பெறாத மரத்தைச் சான்றிதழ் மரமாகக் காட்டியதற்காக அங்குள்ள ஒரு பெரிய பெல்லட் நிறுவனத்தோடு 2022இல் எஃப்.எஸ்.சி. உறவை முறித்தது. இதைப் பிடிக்கிற கணக்கு எளியது. பச்சை மரத்தில் ஏறக்குறைய பாதி எடை தண்ணீர். பெல்லட்டில் பத்து சதவீதத்துக்கும் குறைவு. ஆகவே ஒரு டன் பெல்லட்டுக்குக் கிட்டத்தட்ட இரண்டு டன் பச்சை மரம் வேண்டும். உள்ளே வந்த சான்றிதழ் மரமும் வெளியே போன சான்றிதழ் பெல்லட்டும் இந்த விகிதத்துக்குள் அடங்குகின்றனவா என்று பார்த்தாலே பல பொய்கள் வெளிப்படும்.

வேண்டுமென்று செய்யாத குளறுபடியும் உண்டு. பிரிட்டனின் டிராக்ஸ் மின்நிலைய நிறுவனம் கனடாவிலிருந்து வாங்கிய மரத்தின் வகை குறித்த தரவைச் சரியாகப் பராமரிக்கவில்லை என்று ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் 2024இல் முடிவு சொன்னது, நிறுவனம் 2.5 கோடி பவுண்டு செலுத்த ஒப்புக்கொண்டது. எரித்த மரம் நீடித்த தன்மை விதிகளை மீறியது என்று ஆஃப்ஜெம் சொல்லவில்லை. தரவை ஆதாரத்தோடு காட்ட முடியாமல் போனதுதான் குற்றம்.

யார் இந்த மதிப்பீட்டைச் செய்ய வேண்டும்?

வாங்குகிற ஆலையின் காசில், ஆலை தேர்ந்தெடுத்த ஆலோசகர் செய்தால் முடிவு ஆலையின் பக்கம் சாயும். ஒரே வட்டாரத்தில் பத்து ஆலைகள் பத்து விதமாக எழுதுவதும் குழப்பம். பொதுவான ஓர் அமைப்பு நியமித்த குழு எழுதி, வெளியாட்கள் சரிபார்த்து, எல்லா ஆலைகளுக்கும் ஒரே முடிவு செல்வது நல்லது. வட்டார மதிப்பீட்டின் பெரிய பலனே அதுதான்.

ஒரு முறை செய்தால் எவ்வளவு காலம் செல்லும்?

ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை முழுதாகத் திருத்துவது நல்ல வழக்கம். ஆனால் புயல், பெரும் காட்டுத்தீ, புதிய சட்டம், நீதிமன்றத் தீர்ப்பு, பக்கத்து நாட்டில் போர் என்று எது வந்தாலும் தேதிக்குக் காத்திருக்கக் கூடாது. 2021 நவம்பரில் பிரிட்டிஷ் கொலம்பியா அரசு நியமித்த வல்லுநர் குழு, ஆபத்தில் உள்ள 26 லட்சம் ஹெக்டேர் பழங்காட்டில் வெட்டைத் தள்ளிவைக்கப் பரிந்துரைத்தது. அதற்கு முந்தைய மாதம் அங்கே ஒரு மதிப்பீடு முடிந்திருந்தால், அந்த வரைபடம் வெளியான அன்றே அதைத் திரும்பத் திறந்திருக்க வேண்டும்.

வெளியான ஓர் அறிக்கையை வாசிக்கும்போது முதலில் எதைப் பார்ப்பது?

குறைந்த இடர் என்று எழுதிய அளவுகோல்களில் உங்களுக்கு அதிகக் கவலை தருகிற மூன்றை எடுங்கள். அவற்றுக்குக் காட்டிய ஆதாரம் சட்டப் பிரிவு எண் மட்டும்தானா, களத்தில் பார்த்ததும் உண்டா என்று பாருங்கள். அப்புறம் கருத்துக்கேட்பின் பின்னிணைப்புக்குப் போய், யார் எதிர்த்தார்கள், அவர்களுக்கு என்ன பதில் தரப்பட்டது என்று படியுங்கள். கடைசியாக, ஒரே ஒரு சரக்கை எடுத்து அது எந்தத் துண்டு நிலத்திலிருந்து வந்தது என்று ஆலைக்கு எழுதிக் கேளுங்கள். பதில் வர எத்தனை நாள் ஆகிறது, வந்த பதிலில் நிலத்தின் எண் இருக்கிறதா, மாவட்டத்தின் பெயரோடு நின்றுவிட்டார்களா என்று குறித்துக்கொண்டு, அடுத்த கருத்துக்கேட்பில் அதையே உங்கள் மனுவாகக் கொடுங்கள்.